முதுகில் பலத்த காயம்... மறுபடியும் மவுண்டன் பைக் வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது?

"டாக்டர், நான் மறுபடியும் சைக்கிள் ஓட்டலாமா?"

முதுகெலும்பு முறிந்தோ, டிஸ்க் பிதுங்கியோ பல மாதம் அவதிப்பட்டவருக்கு இது சாதாரணக் கேள்வி இல்லை. சனிக்கிழமைக் காலையில் நண்பர்களோடு காட்டுப் பாதைக்குப் போய்வந்த வாழ்க்கை திரும்புமா, திரும்பாதா என்ற கேள்வி.

"ஓட்டலாம், ஆனா பார்த்து ஓட்டுங்க" என்று பதில் வந்துவிட்டது என வைத்துக்கொள்வோம். அடுத்து நேராகக் கடைக்குப் போகிறோம். "அண்ணே, முதுகுக்கு நல்ல பைக் எது?" என்று கேட்கிறோம். முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் உள்ள, விலை கூடிய சைக்கிளைக் கடைக்காரர் காட்டுகிறார். "மெத்தை மாதிரி இருக்கும்" என்கிறார்.

அவர் சொல்வது தப்பில்லை. ஆனால் பாதிப் பதில்தான். மீதிப் பாதி என்ன?

உங்கள் முதுகுக்கு எது ஆகாது?

"முதுகு வலி" என்று ஒரே பெயர் வைத்தாலும் எல்லா முதுகும் ஒன்றில்லை.

டிஸ்க் பிதுங்கியவர்களில் பலருக்கு முன்னால் குனிந்தால் வலி கூடும். முதுகுத்தண்டு செல்லும் குழாய் குறுகிப்போனவர்களுக்குப் பெரும்பாலும் நேர்மாறு. நிமிர்ந்தால் வலிக்கும், சற்றுக் குனிந்தால் சுகமாக இருக்கும். முள்ளெலும்புகளை ஒன்றாக இணைக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு அந்த எலும்புகள் முழுமையாகக் கூடுவதற்கே 6 முதல் 12 மாதம் ஆகலாம்.

அதனால், "நிமிர்ந்து உட்காரும் சைக்கிள்தான் முதுகுக்கு நல்லது" என்று யாராவது சொன்னால் அப்படியே நம்ப வேண்டாம். உங்கள் நண்பருக்குச் சரிப்பட்டது உங்களுக்குச் சரிப்படாமல் போகலாம்.

கடைக்குப் போகும் முன்னர் மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ மூன்று கேள்விகள் கேளுங்கள்:

1. என் எலும்பு, அல்லது அறுவை சிகிச்சை செய்த இடம், முழுமையாகக் கூடிவிட்டதா?

2. குனிவது, பின்னால் வளைவது, இடுப்பைத் திருப்புவது... இவற்றில் எனக்கு எது ஆகாது?

3. கீழே விழுந்தால் என்ன ஆகும்?

மூன்றாவது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. ஆனால் அதுதான் முக்கியம். குலுக்கலால் வலி வரலாம், இரண்டு நாள் ஓய்வெடுத்தால் குறையலாம். மோசமாக விழுந்தால் பழைய காயத்தின் மீது புதிய காயம். ஆகவே மெத்தை மாதிரி இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். எந்தச் சைக்கிளில் நீங்கள் விழும் வாய்ப்பு குறைவு என்றும் பாருங்கள்.

சைக்கிள் உங்கள் உடம்புக்குப் பொருந்துகிறதா?

பொருந்தாத சைக்கிள் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் முதுகைப் பதம் பார்க்கும்.

சீட்டின் உயரம்: சீட்டில் உட்கார்ந்து, பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன் மீது வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். சீட் இதைவிட உயரமாக இருந்தால், ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இடமும் வலமும் ஆடும். அந்த ஆட்டமெல்லாம் கீழ்முதுகில்தான் போய் விழும்.

கைப்பிடியின் தூரம்: கைப்பிடி எட்டிப் பிடிக்கும்படி தள்ளி இருந்தால் முதுகு கூன் போடும். கைப்பிடியைச் சைக்கிளோடு இணைக்கும் 'ஸ்டெம்' 35 முதல் 50 மில்லிமீட்டர் நீளம் உள்ளதாகவும், கைப்பிடி சற்று மேல்நோக்கி வளைந்ததாகவும் இருந்தால் பலருக்கு வசதியாக இருக்கும். இவற்றைத் தனியாக மாற்றிக்கொள்ளலாம். புதுச் சைக்கிள் வாங்குவதைவிடச் செலவு மிகவும் குறைவு.

சரி, ஒரேயடியாக நிமிர்ந்தே உட்கார்ந்தால்? அதிலும் சிக்கல் உண்டு. சக்கரம் கல்லில் ஏறும்போது அந்த இடி சீட் வழியாக நேராக முதுகுத்தண்டில் ஏறும். இடுப்பிலிருந்து சற்று முன்னால் சாய்ந்து, முதுகை நேராக வைத்து, எடையின் ஒரு பகுதியைக் கால்களில் தாங்குவது பலருக்கு ஒத்துவரும் நிலை.

ஃபுல் சஸ்பென்ஷனா, ஹார்ட்டெயிலா?

முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் இருந்தால் ஹார்ட்டெயில். பின்பக்கமும் இருந்தால் ஃபுல் சஸ்பென்ஷன்.

கரடுமுரடான பாதையில் உட்கார்ந்தபடியே மிதிக்க வேண்டியவர்களுக்கு ஃபுல் சஸ்பென்ஷன் உண்மையிலேயே உதவும். மர வேர்களின் மீது போகும்போது சீட் உங்களைத் தூக்கி அடிக்காது. பின்சக்கரமும் தரையை விட்டு எளிதில் துள்ளாது. அதனால் பிடிமானம் கூடுகிறது, விழும் வாய்ப்பு குறைகிறது. 120 முதல் 140 மில்லிமீட்டர் அசைவு உள்ள சஸ்பென்ஷன் நம் ஊர்ப் பாதைகளுக்குத் தாராளம்.

ஆனால் வாங்கினால் மட்டும் போதாது. உங்கள் எடைக்கு ஏற்ப அதில் காற்றழுத்தத்தைச் சரிசெய்ய வேண்டும். நீங்கள் ஏறி நின்றதும் பின் சஸ்பென்ஷன் அதன் மொத்த அசைவில் 25 முதல் 30 விழுக்காடு வரை அமுங்க வேண்டும். பல ஆயிரம் வெள்ளி கொடுத்து வாங்கிவிட்டு இதைச் செய்யாமல் ஓட்டினால், ஹார்ட்டெயில் ஓட்டுவதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

பூங்கா இணைப்புப் பாதை, செம்மண் பாதை போதும் என்பவர்களுக்கு அகலமான டயர் போட்ட ஹார்ட்டெயிலே போதும். விலையும் குறைவு, எடையும் குறைவு.

மலிவான மருந்து: டயர் காற்று

பலர் டயரைக் கல் மாதிரி இறுக்கமாகக் காற்றடித்து ஓட்டுகிறார்கள். முதுகுக்கு அதுதான் முதல் எதிரி.

2.4 அங்குல அகலமுள்ள, உள்டியூப் இல்லாத டயரில், சுமார் 70 கிலோ எடையுள்ளவர் 20 முதல் 26 பிஎஸ்ஐ அழுத்தத்தில் ஓட்டலாம். டயர் சின்னச் சின்னக் கற்களைத் தானே விழுங்கிக்கொள்ளும். ஈர மண்ணிலும் நன்றாகப் பிடிக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் வரம்பை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

டிராப்பர் போஸ்ட்: கைப்பிடியில் உள்ள பொத்தானை அழுத்தினால் சீட் கீழே இறங்கும். இறக்கத்தில் உடம்பைத் தாழ்த்தி ஓட்டலாம். தடுமாறினால் இரு கால்களையும் சட்டெனத் தரையில் ஊன்றலாம். ஏறி இறங்கும்போது காலை உயரத் தூக்கவும் வேண்டாம். முதுகில் காயம் பட்டவர்களுக்கு இது ஆடம்பரம் இல்லை.

கியர்: ஏற்றத்தில் மூச்சைப் பிடித்து, கைப்பிடியை இழுத்து மிதிக்கும்போது கீழ்முதுகு இறுகும். பின்னால் 50 அல்லது 51 பல் வரை உள்ள பெரிய வட்டு இருந்தால் மெதுவாக, இலகுவாக ஏறலாம்.

எடை: ஃபுல் சஸ்பென்ஷன் சைக்கிள் பெரும்பாலும் 14 முதல் 16 கிலோ இருக்கும். ஓட்டும்போது தெரியாது, தூக்கும்போதுதான் தெரியும். சிங்கப்பூரில் மடக்கு சைக்கிளைத்தான் எம்ஆர்டியில் கொண்டுபோக முடியும். மவுண்டன் பைக்கைக் காரில் ஏற்ற வேண்டும், அல்லது வீட்டிலிருந்தே ஓட்டிப் போக வேண்டும். காரின் கூரையில் ஏற்றுவதற்குக் குனிந்து, தூக்கி, திரும்ப வேண்டும். முதுகுக்கு ஆகாத மூன்றும் ஒரே நேரத்தில்! முன்சக்கரத்தைக் கழற்றிக் காருக்குள் வைப்பதோ, நண்பரிடம் "ஒரு கை புடி" என்று கேட்பதோ நல்லது. வழியில் நடை மேம்பாலம் இருக்கிறதா, அதில் மின்தூக்கி இருக்கிறதா என்பதையும் முன்கூட்டியே பார்த்துவையுங்கள்.

மின்சார மவுண்டன் பைக் வாங்கினால்?

அமெரிக்க வீரர் பால் பாசகோய்ட்டியா 2015ஆம் ஆண்டு யூட்டா மாநிலத்தில் நடந்த ரெட் புல் ராம்பேஜ் போட்டியில் விழுந்து முதுகெலும்பு நொறுங்கியது. கால்களில் பலம் முழுமையாகத் திரும்பவில்லை. ஆனாலும் மின்சார உதவியுள்ள மவுண்டன் பைக்கில் அவர் மீண்டும் மலைப்பாதைக்குத் திரும்பினார். இழந்த பலத்தில் ஒரு பகுதியை மோட்டார் ஈடுகட்டியது.

ஆனால் சிங்கப்பூரில் விதிமுறைகள் கடுமை. மின்சார உதவியுள்ள சைக்கிளின் எடை 20 கிலோவைத் தாண்டக்கூடாது. மோட்டார் 250 வாட்டுக்குள் இருக்க வேண்டும். மணிக்கு 25 கிலோமீட்டரை எட்டியதும் மோட்டார் உதவி நின்றுவிட வேண்டும். நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் பதிவு செய்ய வேண்டும். ஓட்டுபவருக்குக் குறைந்தது 16 வயது ஆகியிருக்க வேண்டும், எழுத்துத் தேர்விலும் தேறியிருக்க வேண்டும். வெளிநாட்டு இணையக் கடைகளில் விற்கும் மின்சார மவுண்டன் பைக்குகளில் பல 20 கிலோவுக்கு மேல். ஆசைப்பட்டு வாங்கிவிட்டு இங்கே ஓட்ட முடியாமல் நிற்க வேண்டாம்.

எங்கிருந்து ஆரம்பிப்பது?

முதல் வாரங்களில் உடற்பயிற்சிக்கூடத்தின் நிலையான சைக்கிள். அதில் விழ வழியில்லை.

அடுத்து, சமமான பூங்கா இணைப்புப் பாதை. அதன் பிறகு, பழைய ரயில் தண்டவாளம் இருந்த இடத்தில் 24 கிலோமீட்டர் நீளும் ரயில் பசுமைப் பாதை. அங்கு ஏற்ற இறக்கம் குறைவு.

அதன் பிறகுதான் செஸ்ட்நட் இயற்கைப் பூங்கா. அங்கே மவுண்டன் பைக்குக்கு என்றே 8.2 கிலோமீட்டர் பாதை இருக்கிறது. எளிதான பகுதியில் தொடங்குங்கள். மழை பெய்த மறுநாள் வேர்கள் வழுக்கும், அன்று போகாதீர்கள்.

புலாவ் உபினின் கெத்தாம் மவுண்டன் பைக் பூங்கா? ஆசை இருக்கும், தெரியும். ஆனால் அது தீவு. அடிபட்டால் மருத்துவமனைக்கு வரக் கடலைத் தாண்ட வேண்டும். அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். எங்கே போனாலும் முதல் சில மாதம் தனியாகப் போக வேண்டாம்.

எப்போது நிறுத்த வேண்டும்?

தசை வலி வருவது இயல்பு. ஆனால் காலுக்குள் மின்சாரம் பாய்வதுபோல வலி இறங்கினால் அன்றைய ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

தொடைகளுக்கு இடையில் மரத்துப்போதல், காலில் திடீர் பலவீனம், சிறுநீரையோ மலத்தையோ அடக்க முடியாமை... இவற்றில் எது வந்தாலும் காத்திருக்கக்கூடாது. உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், அல்லது 995ஐ அழையுங்கள். விழுந்த பிறகு முதுகில் கடுமையான வலி இருந்தால் எழுந்து நிற்க முயலாதீர்கள். உதவி வரும்வரை அசையாமல் இருங்கள்.

ஆக, என்ன செய்யலாம்?

கடையில் சைக்கிளைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டாதீர்கள். ஓட்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். முடிந்தால் வாடகைக்கு எடுத்து 20 நிமிடம் ஓட்டுங்கள். ஓட்டும்போது எல்லா பைக்கும் நல்ல பைக்தான், உற்சாகத்தில் வலி தெரியாது.

வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள். மறுநாள் காலையில் படுக்கையிலிருந்து எழும்போது முதுகு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். வழக்கம்போல இருந்தால், அந்த பைக்கைப் பற்றி யோசிக்கலாம். அதைவிட மோசமாக இருந்தால், சீட்டையும் கைப்பிடியையும் மாற்றி இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள், அல்லது வேறு பைக்கைப் பாருங்கள்.

அவசரம் வேண்டாம். அத்தனை மாதம் பொறுத்த முதுகுக்காக இன்னும் ஒரு வாரம் பொறுக்கலாம்.