மாமல்லபுரத்தின் இரண்டு கோயில்கள்: சுற்றுலா அழைக்கும் 'அனைவரும்' யார்?

தமிழ்நாட்டுச் சுற்றுலா விளம்பரங்களில் மூன்று படங்கள் திரும்பத் திரும்ப இடம்பெறுகின்றன: கடற்கரை, கோயில், நடனமாடும் பெண். இம்மூன்றும் ஒரே ஊரில் கிடைக்கும் இடம் மாமல்லபுரம். அதன் சிற்பத் தொகுதிகள் 1984ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்கள் பட்டியலில் சேர்க்கப்பட்டன. டிசம்பர், ஜனவரி மாதங்களில் சுற்றுலாத் துறை அங்கே நாட்டிய விழா நடத்துகிறது. 'அனைவரும் வருக' என்பதே இந்த விளம்பரங்கள் விடுக்கும் அழைப்பு. அந்த 'அனைவரும்' என்ற சொல்லுக்குள் யார் அடங்குகிறார்கள், யார் வெளியே நிறுத்தப்படுகிறார்கள் என்பதைச் சட்டத்தின் துணைகொண்டு இங்கே பார்ப்போம்.

மாமல்லபுரத்தில் நடந்து செல்லும் தொலைவிலேயே இரண்டு கோயில்கள் உள்ளன. ஒன்று கடற்கரைக் கோயில். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இக்கோயிலில் இன்று வழிபாடு இல்லை. இந்தியர் 40 ரூபாயும் வெளிநாட்டவர் 600 ரூபாயும் கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கி உள்ளே செல்கிறார்கள். அங்கே யாரும் யாருடைய சாதியையும் கேட்பதில்லை. மற்றொன்று தலசயனப் பெருமாள் கோயில். இது அன்றாட வழிபாடு நடக்கும் கோயில். இந்து சமய அறநிலையத் துறையின் நிர்வாகத்தில் உள்ளது. நுழையக் கட்டணம் இல்லை. சுற்றுலா வரைபடத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிகின்றன.

2021 அக்டோபரில், மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியைச் சேர்ந்த நரிக்குறவர் பெண் ஒருவர், இந்த இரண்டாவது கோயிலின் அன்னதானப் பந்தியில் அமரவிடாமல் தாம் வெளியேற்றப்பட்டதைப் பேசிய காணொளி நாடெங்கும் பரவியது. சில நாட்களில் அறநிலையத் துறை அமைச்சர் அதே கோயிலில் அவருடன் அமர்ந்து உணவருந்தினார். நவம்பர் 4 அன்று முதலமைச்சர் பூஞ்சேரிக்கே சென்று நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டாக்களையும் சான்றிதழ்களையும் வழங்கினார். இந்த நடவடிக்கைகளை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும், அமைச்சர் வந்த நாளில் பந்தியில் இடம் கிடைப்பது அரசின் அக்கறை. அமைச்சர் வராத நாளிலும் அதே இடம் கிடைப்பதுதான் உரிமை. அந்த உரிமை சட்டத்தில் எங்கே இருக்கிறது?

அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் கூறு தீண்டாமையை எல்லா வடிவங்களிலும் தடை செய்கிறது. பொதுத்தன்மை கொண்ட இந்துக் கோயில்களை இந்துக்களின் எல்லாப் பிரிவினருக்கும் திறந்துவிடச் சட்டம் இயற்றும் அதிகாரத்தை 25(2)(ஆ) கூறு அரசுக்கு அளிக்கிறது. ஒரு சமயப் பிரிவுக்குரிய கோயில் என்றாலும் இது பொருந்துமா என்ற கேள்வி, கர்நாடகக் கடலோரத்திலுள்ள மூல்கி வெங்கடரமணர் கோயில் வழக்கில் எழுந்தது. தங்கள் சமயப் பிரிவின் தன்னாட்சியை முன்வைத்து வாதிட்ட கோயில் தரப்பினரிடம், கோயில் நுழைவுக்கான பொது உரிமையே மேலோங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1957ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. குறிப்பிட்ட சில சடங்குகளின்போது மட்டும் அப்பிரிவினருக்குத் தனி உரிமையை அத்தீர்ப்பு விட்டுவைத்தது.

இந்த உரிமை மீறப்பட்டால் தண்டிக்க இரண்டு சட்டங்கள் உள்ளன. முதலாவது, 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம். தீண்டாமையின் அடிப்படையில் வழிபாட்டைத் தடுப்பது அதன் 3ஆம் பிரிவின்படி குற்றம். பொதுமக்களுக்கான அறக்கட்டளையின் பயனை மறுப்பது 4ஆம் பிரிவின்படி குற்றம். தண்டனை ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை. அபராதம் 100 ரூபாய் முதல் 500 ரூபாய் வரை. அதாவது, ஒரு மனிதரைக் கோயிலிலிருந்து விரட்டியதற்கு இச்சட்டம் விதிக்கக்கூடிய உச்ச அபராதம், கடற்கரைக் கோயிலைப் பார்க்க ஒரு வெளிநாட்டவர் செலுத்தும் கட்டணத்தைவிடக் குறைவு.

இரண்டாவது, 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். 2015 திருத்தத்திற்குப் பின், பொது வழிபாட்டிடத்தில் நுழைவதைத் தடுப்பது இதன் 3(1) பிரிவில் வெளிப்படையாக இடம்பெற்றுள்ளது. தண்டனை ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை. ஆனால் இச்சட்டம் பட்டியல் சாதியினரையும் பட்டியல் பழங்குடியினரையும் மட்டுமே காக்கிறது. 2021இல் நரிக்குறவர் இவ்விரு பட்டியல்களிலும் இல்லை. மிகவும் பிற்படுத்தப்பட்டோராகவே வகைப்படுத்தப்பட்டிருந்தனர். அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டத்திருத்தத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது 2022 டிசம்பரில்தான். ஆகவே அந்தப் பந்தியில் அவமதிக்கப்பட்ட நாளில் வலிமையான சட்டம் அப்பெண்ணுக்குப் பொருந்தவில்லை. 1955ஆம் ஆண்டுச் சட்டத்திலும், பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராக இருந்தால் மட்டுமே அச்செயல் தீண்டாமையின் அடிப்படையில் நடந்ததாக நீதிமன்றம் அனுமானிக்கும். பிறருடைய வழக்கில் அதை அரசுத் தரப்பே மெய்ப்பிக்க வேண்டும். பட்டியலில் இடம் கோரும் போராட்டங்களைச் சலுகைக்கான போராட்டங்கள் என்று ஏளனம் செய்வோர், இந்த ஒரு நிகழ்வைக் கருதிப் பார்க்கட்டும்.

அதே மக்கள்தாம் கடற்கரையில் பாசிமணி விற்கிறார்கள். பயணிகளின் புகைப்படங்களில் அவர்கள் 'வண்ணமயமான' பின்னணி. அதிகாரிகளின் பார்வையில் ஆக்கிரமிப்பாளர். 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டமோ, கணக்கெடுப்பு முடிந்து விற்பனைச் சான்றிதழ் வழங்கப்படும் வரை எந்த வியாபாரியையும் அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காட்டினர் வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்கள். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் உரிய இடம் வேண்டும் என்றும் விதிக்கிறது.

மூன்றாவது படமான கலைக்கு வருவோம். இன்று பரதநாட்டியம் எனப்படும் ஆடல், சதிர் என்ற பெயரில் தேவதாசி மரபுப் பெண்களிடம் இருந்தது. 1930களில் அது புதிய பெயரும் புதிய மேடையும் பெற்றது. 1947ஆம் ஆண்டுச் சட்டம் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடை செய்தது. அத்தடை தேவையானதே. ஆனால் வழக்கம் ஒழிந்தபோது கலையும் மேடையும் வேறு சாதிகளின் கைக்குப் போயின.

பறையின் கதை வேறு. சுற்றுலா விழாக்களில் அது 'நாட்டுப்புறக் கலை'. சாவு வீட்டிலும் ஊர்த் திருவிழாவிலும் அடித்தே தீர வேண்டும் என்று ஊர் கட்டாயப்படுத்தும்போது அது அடிமைத் தொழில். இதனால்தான் தலித் இயக்கத்தில் பறையைத் துறப்போரும் உள்ளனர். விடுதலையின் இசையாக மீட்டெடுப்போரும் உள்ளனர். இரு நிலைப்பாடுகளையும் சட்டத்தின் ஒரே கேள்வியால் அளக்கலாம்: அடிக்க மாட்டேன் என்று சொல்ல அந்தக் கலைஞரால் முடிகிறதா? முடியாவிட்டால், 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் குறுக்கிட வேண்டிய இடம் அது. முன்பணக் கடனால் மட்டுமே ஒருவர் கொத்தடிமை ஆவதாகப் பலர் எண்ணுகின்றனர். ஆனால் வழக்கம் அல்லது சமூகக் கடமை என்ற பெயரிலும், குறிப்பிட்ட சாதியில் பிறந்த காரணத்தாலும், கூலியின்றியோ பெயரளவுக் கூலிக்கோ உழைக்கக் கட்டாயப்படுத்துவதையும் அச்சட்டத்தின் வரையறை உள்ளடக்குகிறது.

சுற்றுலாவைப் புறக்கணிக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அதை நம்பிப் பிழைப்போரில் நம் மக்களும் இருக்கிறார்கள். களத்தில் உதவக்கூடிய சிலவற்றைச் சொல்லி முடிக்கிறோம். கோயிலிலோ பந்தியிலோ யாரேனும் தடுக்கப்பட்டால், நாள், நேரம், இடம், சொல்லப்பட்ட சொற்கள், உடனிருந்தோர் ஆகியவற்றை அன்றே எழுதி வையுங்கள். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் எனில், முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 18ஏ பிரிவு கூறுவதைக் காவல் நிலையத்தில் எடுத்துக்காட்டுங்கள். அவர் எந்தப் பட்டியலிலும் இல்லாதவர் எனில், புகாரைக் கைவிட வேண்டாம். 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3, 4 பிரிவுகளைக் குறிப்பிட்டு எழுதுங்கள். உங்கள் ஊரில் நகர விற்பனைக் குழு அமைக்கப்பட்டுள்ளதா, அதில் யார் யார் உள்ளனர் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேளுங்கள். கல்லூரி விழாவுக்குப் பறைக் குழுவை அழைக்கும் மாணவர்கள், பரதக் கலைஞருக்குத் தரும் ஊதியம், அறை, உணவு, மேடை நேரம் ஆகிய அனைத்தும் பறைக் கலைஞருக்கும் கிடைக்கின்றனவா என்று முதலில் தங்கள் விழாக் குழுவிடமே கேட்டுவிட்டுத் தொடங்கட்டும்.