ஒரு சொல் மாறினால் நாடே மாறிவிடும்!

2024 ஜூலை 26. பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழா. சீன் நதியில் தென் கொரிய வீரர்கள் கொடியசைத்தபடி படகில் வருகிறார்கள். ஒலிபெருக்கியில் அவர்கள் நாட்டின் பெயர் ஒலிக்கிறது: ‘கொரிய ஜனநாயக மக்கள் குடியரசு’!

அது வட கொரியாவின் பெயர். பிரெஞ்சு, ஆங்கிலம் இரண்டிலும் அதே தவறு. கடைசியில் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டித் தலைவர் தாமஸ் பாக், தென் கொரிய அதிபரை போனில் அழைத்து மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

வீட்டில் கூப்பிட ஒரு பெயர், சர்டிபிகேட்டில் ஒரு பெயர் என்று நமக்கு இருப்பதுபோல, பெரும்பாலான நாடுகளுக்கும் இரண்டு பெயர்கள் உண்டு. தென் கொரியாவின் முழுப் பெயர் ‘கொரியக் குடியரசு’. இரண்டு நாடுகளின் முழுப் பெயரிலும் ‘வட’, ‘தென்’ கிடையாது. 1948-ல் உருவான இரு அரசுகளுமே, ‘மொத்த கொரியாவுக்கும் நாங்கள்தான்’ என்று அறிவித்துக்கொண்டதன் விளைவு இது.

ஆப்பிரிக்காவில் குறும்பெயரே சிக்கல். ‘காங்கோ’ என்று மட்டும் எழுதினால் எந்த நாடு? காங்கோ குடியரசு ஒன்று. காங்கோ ஜனநாயகக் குடியரசு இன்னொன்று. இரண்டின் தலைநகரங்களான பிரஸாவில்லும் கின்ஷாசாவும் ஒரே ஆற்றின் எதிரெதிர்க் கரைகளில் இருக்கின்றன!

நாம் சாதாரணமாக ‘இங்கிலாந்து’ என்று சொல்லும் நாட்டின் முழுப் பெயர் ‘கிரேட் பிரிட்டன் மற்றும் வட அயர்லாந்து ஐக்கிய ராஜ்ஜியம்’. இங்கிலாந்து அதில் ஒரு பகுதிதான். ஸ்காட்லாந்துக்காரரை ‘இங்கிலாந்துக்காரர்’ என்று சொல்லிப் பாருங்கள், முகம் சுருங்கும்.

பெயருக்காகப் பல ஆண்டுகள் போராடிய நாடும் உண்டு. மாசிடோனியா என்ற பெயருக்கு கிரீஸ் எதிர்ப்புத் தெரிவித்தது. தன் வட பகுதிக்கும் அதே பெயர் என்பதுதான் காரணம். அதனால் 1993-ல் ஐ.நா-வில் ‘முன்னாள் யூகோஸ்லாவிய மாசிடோனியக் குடியரசு’ என்ற நீளமான பெயரோடுதான் அந்த நாடு நுழைய முடிந்தது. 2019-ல் ‘வட மாசிடோனியா’ என்று மாறிய பிறகே பிரச்னை தீர்ந்தது.

அப்படியானால் எப்போது எதை எழுதுவது? பேச்சு, கடிதம், செய்திக்குக் குறும்பெயர் போதும். ஒப்பந்தம், அரசு ஆவணம் என்றால் முழுப் பெயர். கட்டுரையில் முதல் முறை முழுப் பெயரும், பிறகு குறும்பெயரும் எழுதலாம். ஒரே பெயரில் இரு நாடுகள் இருந்தால், எது என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

உங்கள் பாஸ்போர்ட்டின் அட்டையைப் பாருங்கள். வெறும் ‘இந்தியா’ என்று இருக்காது. ‘இந்தியக் குடியரசு’ என்றுதான் இருக்கும்.