கையைக் கீழே போடுடி!

"கையைக் கீழே போடுடி!"

இதை எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேனோ, எனக்கே கணக்கில்லை. சொன்னால் என் மகளுக்கு எங்கே கேட்கப்போகிறது? அதனால் கையில் ஒரு தட்டும் வைப்பேன். வீட்டுக்கு யாராவது வந்துவிட்டால் போதும், இரண்டு கையையும் ஆட்டி ஆட்டி அவர்களிடம் ஏதோ கதை சொல்ல ஆரம்பித்துவிடுவாள். "நாமளே ஊருக்குக் காட்டிக் கொடுக்கணுமா?" என்று அத்தை முணுமுணுப்பார். எனக்கு உடம்பெல்லாம் கூசும்.

ஏனாத்தூரில் வாழ்க்கைப்பட்ட நான், அவளுக்கு மூன்று வயதாகும்வரை பேச்சு வரும் வரும் என்றே காத்திருந்தேன். "அவ தாத்தாவே நாலு வயசிலேதான் பேசினார்" என்றார் ஒரு பெரியவர். அதை நம்பி இன்னும் கொஞ்ச காலம் போயிற்று. எங்களுடையது சொந்தத்தில் நடந்த கல்யாணம். நெருங்கிய உறவில் மணம் செய்தால் குழந்தை காது கேளாமல் பிறக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பதெல்லாம் பின்னால்தான் தெரிந்தது.

ஒருவழியாகக் காஞ்சிபுரத்தில் காது கேளாத பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு அவளை அழைத்துப் போனபோது வயது ஆறு முடிந்துவிட்டது. அங்கே ஓர் ஆசிரியை அவள் எதிரில் தரையில் உட்கார்ந்து கையாலேயே பேச்சுக் கொடுத்தார். என் மகளும் பதில் சொன்னாள்! தலையில் இரண்டு விரலை வைத்தால் மாடு. மூக்கைத் தொட்டால் மூக்குத்தி போட்ட ஆயா. இடுப்பில் கையை வளைத்தால் தண்ணீர்க் குடம். "அம்மா எங்கே?" என்று கேட்டார் டீச்சர். அவள் என் பக்கம் திரும்பி, இடது கைமேல் வலது கையால் பட்டென்று ஓர் அடி அடித்துக் காட்டினாள்.

அதுதான் எனக்கு அவள் வைத்திருந்த பெயர்.

நான் அழுததைப் பார்த்த அந்த ஆசிரியைதான் ஃப்ளாரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையாரைப் பற்றிச் சொன்னார். இங்கிலாந்திலிருந்து மிஷனரியாக வந்து திருநெல்வேலிச் சீமையில் வேலை செய்தவர். 1890-களின் பிற்பாதியில், பாளையங்கோட்டையில் காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கினார். அதற்கு முன்னால் பம்பாயில் 1885-லும், கல்கத்தாவில் 1893-லும் இப்படிப்பட்ட பள்ளிகள் வந்திருந்தன. நம் பக்கத்தில் அதுவரை ஏது? (பார்வையற்றோருக்கு ஆஸ்க்வித் அம்மையார் 1890-ல் பள்ளி தொடங்கியதும் அதே பாளையங்கோட்டையில்தான். சும்மாவா அந்த ஊரைத் தென்னகத்து ஆக்ஸ்ஃபோர்டு என்கிறார்கள்!)

என்னை உலுக்கியது இன்னொரு செய்தி. 1880-ல் இத்தாலியில் மிலான் நகரத்து மாநாட்டில் கூடிய ஆசிரியர்கள், காது கேளாத பிள்ளைகளுக்கு வாயசைத்துப் பேசும் முறையே சிறந்தது, சைகை வேண்டாம் என்று தீர்மானம் போட்டுவிட்டார்களாம். கூடியவர்களில் காது கேட்காதவர் ஒருவரோ இருவரோதான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! அதற்குப் பிறகு பல தேசங்களில் சைகை செய்த பிள்ளைகளின் கையில் அடி விழுந்தது. என் வீட்டுத் திண்ணையில் நான் செய்ததும் அதேதானே? அந்தக் காலத்திலேயே பாளையங்கோட்டையில் ஸ்வெயின்சன் அம்மையார் விரலாலும் சைகையாலும் பாடம் நடத்தியிருக்கிறார். அவர் பெயரில் அந்தப் பள்ளி இன்றும் நடக்கிறது, மேல்நிலைப் பள்ளியாக.

சைகை என்றால் ஏதோ கையை வீசுவது என்று நினைத்திருந்தேன். அதற்கும் இலக்கணம் உண்டு. டெல்லியில் 2015-ல் இந்திய சைகை மொழிக்கென்றே ஆராய்ச்சி மையம் ஏற்பட்டது. அது 2018-ல் வெளியிட்ட அகராதியில் 3,000 சொற்கள். 2021-ல் 10,000 ஆயிற்று. நான் தினம் நாலு சொல் கற்றுக்கொள்கிறேன். அவளுக்கு அரை நாளில் வருவது எனக்கு ஒரு வாரமாகிறது. வயசாயிடுச்சு, என்ன செய்ய!

கைக்குழந்தை வைத்திருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. பிரசவம் ஆன ஆஸ்பத்திரியிலேயே காது கேட்கும் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். வலியில்லாதது, சில நிமிஷ வேலை. பாத்திரம் விழுந்தால் குழந்தை திடுக்கிடவில்லை, ஆறு மாதமாகியும் குரல் வரும் பக்கம் திரும்பவில்லை என்றால் தாத்தா கதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். குறை மூன்று மாதத்துக்குள் தெரிந்து, ஆறு மாதத்துக்குள் பயிற்சி தொடங்கிவிட்டால் குழந்தைக்கு மிகவும் நல்லது. தகுதியுள்ள சின்னக் குழந்தைகளுக்குக் காதுக்குள் கருவி வைக்கும் ஆபரேஷன் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலேயே நடக்கிறது. என் மகளுக்கு அந்த வயது தாண்டிவிட்டது. கருவி வைத்தாலும் வைக்காவிட்டாலும், வீட்டிலுள்ளவர்கள் பிள்ளையிடம் ஓயாமல் பேச வேண்டும், வாயாலோ கையாலோ.

அத்தைக்கும் இப்போது "சாப்பிட்டியா", "தூக்கம் வருதா" என்று கையால் கேட்கத் தெரியும். போன வாரம் பக்கத்து வீட்டுக்காரம்மா வந்திருந்தபோது, மகள் என்னைக் காட்டி என்னவோ சொன்னாள். "என்ன சொல்லுது பாப்பா?" என்று அவர் கேட்டார். இடது கைமேல் வலது கை விழுந்தது. ஆனால் அடிக்கவில்லை; மெதுவாக ஒரு தடவு தடவிவிட்டு விளையாட ஓடிவிட்டாள்.