இறைச்சி முயல்களில் இனவிருத்திக்கு உரியவற்றைத் தெரிதல்

மரக்கறித் தோட்டத்திற் கழிக்கப்படும் கோவா வெளியிலை, கரட் இலை, வற்றாளைக் கொடி, வரம்பில் அறுக்கப்படும் புல், நெற்றவிடு ஆகியவற்றை இறைச்சியாக மாற்றித் தரும் பிராணிகளுள் முயலும் ஒன்றாகும். இதன் சினைக்காலம் 31 நாட்களே. சிறிய கூடும் ஒருவரின் பராமரிப்பும் இதற்குப் போதும். ஆயினும், நல்லின முயல்களைக் கொண்டு தொடங்கப்பட்ட பல கூடுகளில், மூன்று நான்கு தலைமுறைகளுக்குள் குட்டிகள் சிறுத்து, முதுகெலும்பு கூர்ந்து, தின்னும் தீனிக்கு ஏற்ற நிறையைத் தராது போகின்றன. இதற்குத் தீனியையோ நோயையோ குறை கூறுவது வழக்கம். உண்மைக் காரணம் பெரும்பாலும் வேறாகும். விரைவாக வளர்ந்து பருத்த குட்டிகள் முதலில் விலைப்படுகின்றன, அல்லது விருந்துக்கு அறுக்கப்படுகின்றன. எவரும் விரும்பாது எஞ்சியவை தாய் முயல்களாக வைக்கப்படுகின்றன. முற்றிய கதிரை விதைநெல்லுக்கென ஒதுக்கும் கமக்காரர், முயலில் மட்டும் பதரை விதைக்கின்றார்.

எனவே, விற்பனைக்கு முன்னரே தெரிவு நடைபெறல் வேண்டும். தெரிவுக்குக் கண்ணைவிடக் கையே சிறந்த கருவி. அடர்ந்த மயிர் பல குறைகளை மறைத்துவிடும்.

விரும்பத்தக்க வடிவம்

காட்டில் ஓடும் முயலுக்கு நீண்ட காலும் ஒடுங்கிய உடலும் அழகு. அது ஓட்டத்திற்கென அமைந்த வேறு சாதி. கூட்டு முயலுடன் அது இனஞ்சேர்வதில்லை. இறைச்சி முயலின் உடலோ குறுகி, அகன்று, ஆழ்ந்திருத்தல் வேண்டும். உடலின் அகலமும் ஆழமும் ஏறக்குறைய ஒத்திருப்பது நன்று. நியூசிலாந்து வெள்ளை, கலிபோர்னியன் என்னும் இரு இனங்களும் இவ்வடிவுக்குப் பெயர்பெற்றவை. முன்னையது பெயரில் நியூசிலாந்தைக் கொண்டிருப்பினும் ஐக்கிய அமெரிக்காவில் உருவாக்கப்பட்டது. பின்னையதை உருவாக்கும் முயற்சி 1923 இல் கலிபோர்னியாவில் தொடங்கிற்று. எனினும் இனப்பெயர் ஒன்றே போதாது. ஒரே ஈற்றிற் பிறந்த குட்டிகளிடையேயும் நல்லதும் தீயதும் உண்டு.

முயலை மேசைமீது சாக்கு விரித்து இருத்துக. வழுக்கும் பலகையில் அது உடலை ஒடுக்கிக்கொள்ளும். முன்பாதங்கள் கண்ணுக்கு நேர் கீழாகவும், பின்பாதங்கள் தொடைக்கு நேராகவும் இயல்பாக அமையவேண்டும். இழுத்து நீட்டினால் கூனல் மறையும். நெருக்கிக் குறுக்கினால் இல்லாத உயரம் தோன்றும். காதைப் பிடித்துத் தூக்குதல் ஒருபோதும் ஆகாது. தோள்மேற் றோலை ஒரு கையாற் பற்றி, மறு கையாற் பின்புறத்தைத் தாங்குக. தாங்காதவிடத்து, அஞ்சி உதைக்கும் முயல் தன் முள்ளந்தண்டைத் தானே முறித்துக்கொள்வதுண்டு.

பக்கத்திலிருந்து நோக்கின், முதுகின் கோடு பிடரியிலிருந்து படிப்படியாக உயர்ந்து, இடுப்பின்மேல் உச்சியடைந்து, வாலடிவரை உருண்டு இறங்கவேண்டும். மேலிருந்து நோக்கின், தோள் சற்று ஒடுங்கியும் இடுப்பு சற்று அகன்றும் இருத்தல் வேண்டும்.

பின்னர் உள்ளங்கையைப் பிடரியிலிருந்து வால்வரை மெல்ல ஓட்டிப் பார்க்கவேண்டும். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் இடைப்பட்ட நாரிப் பகுதியில் கை தங்கி நிற்கட்டும். முயலின் மிக விலையுயர்ந்த இறைச்சி இவ்விடத்திலேயே உள்ளது. பெருவிரலை ஒருபுறமும் மற்றை விரல்களை மறுபுறமும் வைத்து அழுத்தும்போது, அகன்று தடித்த கெட்டியான சதை கையை நிரப்பவேண்டும். முள்ளெலும்புகள் அறுவாளின் வாய்போலக் கூர்மையாகத் தட்டுப்படின், அது ஒதுக்கத்தக்கது. அடுத்துப் பின்றொடை. அது கீழ்வரை நிரம்பி உருண்டிருத்தல் வேண்டும். மேலே அகன்று, கீழே கிள்ளியெடுத்ததுபோல ஒடுங்கும் பின்புறமும், சடுதியாக வெட்டப்பட்டதுபோற் சரியும் இடுப்பும் பெருங்குறைகள். தோளில் இறைச்சி குறைவு. ஆயினும் நீண்டு தட்டையான தோள் முழு உடலையும் ஒடுக்கிவிடுவதால் அதனையும் தவிர்த்தல் நலம்.

கொழுத்த வயிற்றைக் கண்டு ஏமாறுவோர் பலர். பச்சிலை தின்று பருத்த வயிறு இறைச்சியன்று. இதனாற்றான் காலையில், தீனி இடுமுன், முயல்களைச் சோதித்தல் தக்கது. கொழுப்பு கைக்கு நெகிழ்ந்து வழுகும். தசை இறுகி நிற்கும். சிலமுறை தொட்டுப் பழகியவர்க்கு இவ்வேறுபாடு ஐயமறத் தெரியும்.

நிறையும் ஈற்றும்

உடலமைப்புடன் எட்டாம் வார நிறையையும் ஒப்பிடுக. இங்கு ஒரு தவறு நேர்வதுண்டு. நான்கு குட்டிகள் மட்டும் பாலுண்ட ஈற்றில் ஒவ்வொன்றும் 1.8 கிலோகிராமும், ஒன்பது குட்டிகள் உண்ட ஈற்றில் ஒவ்வொன்றும் 1.6 கிலோகிராமும் நிறுப்பதாகக் கொள்வோம். பெரிய குட்டியைக் கண்டு முதல் ஈற்றில் தெரிவு செய்தல் பிழையாகும். முதற்றாய் தந்தது 7.2 கிலோகிராம், இரண்டாந் தாய் தந்ததோ 14.4 கிலோகிராம். நிறைந்த ஈற்றிலும் பின்றங்காது வளர்ந்த குட்டியே வைத்திருக்கத்தக்கது. ஈன்ற திகதி, குட்டிகளின் தொகை, தாய் தந்தையின் இலக்கம், எட்டாம் வார நிறை ஆகியவற்றைக் கூட்டில் தொங்கும் அட்டையிற் குறித்து வைப்பின் இவ்வொப்பீடு எளிதாகும்.

எட்டாம் வாரத்தில் தெரிந்தவற்றை நான்காம் மாதத்தில் மீண்டும் சோதிக்கவேண்டும். இடைக்காலத்திற் சில குட்டிகள் நீண்டு ஒல்லியாகிப் பின்னர் நிரம்பும். அவற்றை அவசரப்பட்டுக் கழித்தல் நட்டமாகும். வளர்ந்த முயலின் நிறையில் முக்காற்பங்கை எட்டியபின்னரே இனஞ்சேர்த்தல் தகும்.

ஆண் முயலைத் தெரிவதில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். ஓர் ஆண் பத்துத் தாய்களுக்குப் போதும். ஒவ்வொரு தாயும் ஆண்டில் 25 குட்டிகளை வளர்ப்பின், அந்த ஆணின் ஒடுங்கிய நாரி 250 குட்டிகளின் பரம்பரையிற் கலந்துவிடும். தாயின் குறை ஓர் ஈற்றோடு நிற்க, ஆணின் குறை கொட்டில் முழுவதும் பரவும்.

வடிவம் சிறந்திருந்தும் கழிக்கவேண்டிய முயல்களும் உண்டு. மேற்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்தாது நீண்டு வளர்பவை, பின்கால்கள் உட்புறம் வளைந்தவை, பாதத்தில் மயிர் மெலிந்து கம்பித் தட்டில் புண்ணாகுபவை, எட்டுக்குக் குறைந்த முலைக்காம்புகளை உடைய பெண் முயல்கள் ஆகியன அவ்வகையின. கடும் வெப்பத்தில் ஆண் முயல் சில வாரங்களுக்கு மலடாதல் கூடும். அது வடிவக் குறையன்று. நிழலும் காற்றோட்டமும் அளித்துக் காத்திருந்து பார்க்கலாம். சிறந்த ஆணை அதன் மகள்மாருடன் சேர்க்காது, அயலிலுள்ள வேறொரு வளர்ப்பாளரின் ஆணுடன் மாற்றிக்கொள்க; மாற்றுமுன் அதனையும் மேசைமீது இருத்திக் கையால் தடவிப் பார்த்தல் வேண்டும். கொண்டுவந்த முயலை மூன்று வாரமாவது வேறு கூட்டிற் றனியே வைத்து நோயின்மை கண்டபின் மற்றவற்றுடன் சேர்க்கலாம்.