தாங்கியின் உள்ளமைப்பும் மாதிரியுரு ஆக்கமும்

போர்த் தாங்கிகளைச் சிற்றளவில் அமைத்தல் பல நாடுகளிற் பயிலப்படும் ஒரு கைவினை. போரை அண்மையிற் கண்ட மட்டக்களப்பு நாட்டார்க்குத் தாங்கி என்னுஞ் சொல் இனிய நினைவைத் தருவதன்று. ஆயினும், பழுகாமத்திலே என்னிடம் பயிலும் மாணவனொருவன் அட்டையால் ஒரு ஷெர்மன் தாங்கியைச் செய்து கொணர்ந்து, "இதற்குள்ளே என்ன இருக்கும், சேர்?" என வினவியபோது யான் விடையறியாது நின்றேன். அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்து.

வெளித்தோற்றத்துக்குப் படங்கள் மலிந்துள்ளன. உள்ளிடமோ அரிதாகவே படம்பிடிக்கப்பட்டது. ஷெர்மனுள் ஐவர் இருந்தனர். முன்னே ஓட்டுநரும் அவர்தம் துணைவரும். சுழல்கோபுரத்திலே தலைவர், சுடுநர், குண்டேற்றுநர் ஆகிய மூவர். அவர்கள் எவ்வாறு அடங்கியிருந்தனர் என்பதை அறிய மூவகைச் சான்றுகள் உள: எஞ்சிய தாங்கி, படைத்துறைக் கையேடு, போர்க்காலப் புகைப்படம்.

எஞ்சிய தாங்கியே தலைசிறந்த சான்று எனத் தோன்றும். அஃது எப்பொழுதும் உண்மையன்று. 1943 ஏப்ரிலிலே துனீசியாவிற் பிரித்தானியர் கைப்பற்றிய 131ஆம் இலக்க ஜெர்மானிய 'ரைகர்' இன்று இங்கிலாந்தின் பொவிங்டன் நூதனசாலையில் உள்ளது. அதற்குரிய மேபாக் எச்.எல். 210 எஞ்சின், காட்சிக்கென அறுக்கப்பட்டுவிட்டது. ஆகவே, 1990இல் தொடங்கிய புதுக்கலின்போது, மற்றொரு தாங்கியின் எச்.எல். 230 எஞ்சின் பொருத்தப்பட்டது. இக்காலத் தீயணைப்புச் சாதனமொன்றும் சேர்க்கப்பட்டது. 2003இல் அது மீண்டும் ஓடியது, மகிழத்தக்க செய்தியே. எனினும், அதன் பின்புறத்தைத் திறந்து 1943ஆம் ஆண்டு எஞ்சினை வரையப் புகுவோன் வேறொன்றையே வரைவான்.

கையேடு, தொழிற்சாலை எண்ணியவாறு தாங்கியைக் காட்டும். ஆனால் எவ்வகைக்குரிய கையேடு என்பதை முதலில் தெளிதல் வேண்டும். வெளியே ஒத்துத் தோன்றும் ஷெர்மன்கள் உள்ளே பெரிதும் வேறுபடுவன. எம்4ஏ1 வகையில் விமானங்களுக்கென அமைந்த ஒன்பது சிலிண்டர் வட்ட எஞ்சின். எம்4ஏ3இல் ஃபோர்டின் எட்டுச் சிலிண்டர் எஞ்சின். எம்4ஏ4இலோ ஐந்து மோட்டார்க்கார் எஞ்சின்களை ஒன்றாய்ப் பிணைத்த முப்பது சிலிண்டர்! இப்பூதத்தை அடக்குவதற்கென்றே அதன் உடலை நீட்டினர். எஞ்சின் பின்புறத்தும் பற்சக்கரப் பெட்டி முன்புறத்தும் இருந்தமையால், இரண்டையும் இணைக்குந் தண்டு படைஞரின் இருக்கைகளுக்குக் கீழாகச் சென்றது. வட்ட எஞ்சினின் நடு உயரத்திலிருந்து அத்தண்டு புறப்பட்டமையே ஷெர்மன் உயர்ந்து நிற்பதற்கு ஒரு காரணம். உள்ளமைப்பை அறியாதவனுக்குப் புறத்தோற்றமும் முற்றாக விளங்காது.

கருப்பு வெள்ளைப் படம் நிறத்தைச் சொல்லாது. அமெரிக்கத் தாங்கிகளின் உட்புறம், ஒளி பரவும்பொருட்டு வெண்மை பூசப்பட்டது. மேல்மூடியின் உட்பக்கம் மட்டும் வெளிநிறமே பெற்றது. திறந்த மூடி வெண்மையாயின் தொலைவிலுள்ள பகைவர்க்கு இலக்காகும் அன்றோ? எனது மாணவன் மூடியையும் வெண்மையாக்கியிருந்தான். பிழை அவனுடையதன்று, யானே அவ்வாறு கூறியிருந்தேன்.

ஒரு சான்றை மற்றொன்றால் அளந்தறியும் இம்முறை எமக்குப் புதிதன்று. காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள், வழக்கொழிந்த யாழினை நூற்சான்றுகளாலும் கணக்கினாலும் ஆராய்ந்து, 1947இல் வெளிவந்த 'யாழ் நூலி'ல் மீட்டுத் தந்தார். தாங்கியை ஆராய்வோர்க்குப் பொருளே கண்முன் உள்ளது. அதனாலேயே ஐயம் எழாது போகிறது.

இனி, அளவை. பரவலாக வழங்கும் அளவு முப்பத்தைந்தில் ஒன்று. ஜப்பானின் தமியா நிறுவனம் 1960களின் தொடக்கத்திற் செய்த ஒரு மாதிரியுள் மோட்டாரும் மின்கலங்களும் அடங்கவேண்டி எழுந்த பருமனே இவ்வளவுக்கு மூலம்; படைஞர்க்குரிய இடத்தை மின்கலம் கொண்டது! ஷெர்மனின் பக்கத்தகடு 38 மில்லிமீற்றர் தடிப்பு. மாதிரியில் அது ஏறத்தாழ 1.1 மில்லிமீற்றர். மாணவனின் அட்டையோ 2 மில்லிமீற்றர். இருபக்கமுஞ் சேர்ந்து உள்ளகலத்தில் 1.8 மில்லிமீற்றர் குறைகிறது. உண்மைத் தாங்கியில் இஃது 63 மில்லிமீற்றருக்குச் சமம். வரைபடத்தின்படி வெட்டிய இருக்கைகள் உள்ளே செல்லாது நின்றதன் காரணம் அப்பொழுதே விளங்கிற்று.

மெல்லிய அட்டைகொண்டு அவன் மீண்டும் செய்தான். ஐந்து இருக்கைகளும் பொருந்தின. எடுத்துப் பார்க்கத்தக்கதாகச் சுழல்கோபுரத்தை ஒட்டாமல் விட்டிருக்கிறோம்.