எந்தக் காமிரா நம்மைக் கைவிடாது?

33 வருடம் பனிக்குள் கிடந்த பிலிமில் இருந்து படம் வந்தது என்றால் நம்புவீர்களா?

நம்பத்தான் வேண்டும். இது உண்மையில் நடந்த நிகழ்ச்சி.

சுவீடன் நாட்டைச் சேர்ந்தவர் ஆண்ட்ரே. அவர் ஒரு இன்ஜினியர். பலூனில் பறந்து வட துருவத்தை அடைய வேண்டும் என்று ஆசைப்பட்டார். 1897-ம் ஆண்டு ஜூலை 11-ந் தேதி இரண்டு தோழர்களுடன் கிளம்பினார். மூன்றே நாட்களில் பலூன் பனிக்கட்டி மேல் இறங்கிவிட்டது. மூவரும் நடந்தே ஊர் திரும்ப முயன்றார்கள். முடியவில்லை. ஆள் இல்லாத ஒரு தீவில் மூவரும் மாண்டார்கள்.

1930-ம் ஆண்டு நார்வே நாட்டுக் கப்பல்கள் அந்தத் தீவுக்குப் போயின. மூவரின் உடல்களும் சாமான்களும் கிடைத்தன. காமிராவும் பிலிமும் கூடக் கிடைத்தன. ஸ்டாக்ஹோம் நகரில் ஹெர்ட்ஸ்பர்க் என்ற நிபுணர் அந்த பிலிமைப் பக்குவமாகக் கழுவினார். 240 படங்களில் 93 படங்கள் தேறின! பனியில் சாய்ந்து கிடக்கும் பலூனையும், பக்கத்தில் நிற்கும் மனிதர்களையும் இன்றைக்கும் பார்க்கலாம்.

சரி, உங்கள் செல்போனில் இருக்கும் குழந்தையின் முதல் பிறந்தநாள் படம், 33 வருடம் கழித்து இருக்குமா?

இதற்குப் பதில் தெரிய வேண்டுமானால், பிலிம் காமிரா, டிஜிட்டல் காமிரா இரண்டின் பலமும் தெரிய வேண்டும். பலவீனமும் தெரிய வேண்டும்.

படம் எங்கே தங்குகிறது?

பிலிம் என்பது ஒரு மெல்லிய தகடு. அதன் மேல் பசை போன்ற ஒரு பூச்சு இருக்கிறது. அந்தப் பூச்சுக்குள் வெள்ளி உப்பின் சின்னஞ்சிறு துகள்கள் இருக்கின்றன. வெளிச்சம் பட்டதும் அந்தத் துகள்கள் மாறுகின்றன. இருட்டு அறையில் மருந்தில் கழுவினால் படம் தெரிகிறது. அதாவது, படம் ஒரு பொருளாகவே நம் கையில் இருக்கிறது.

டிஜிட்டல் காமிராவில் பிலிம் கிடையாது. அதற்குப் பதில் ஒரு சில்லு இருக்கிறது. சில்லின் மேல் விழும் வெளிச்சம் மின்சாரமாக மாறுகிறது. மின்சாரம் எண்களாக மாறுகிறது. அந்த எண்கள் கார்டில் பதிவாகின்றன. அதாவது, படம் ஒரு கணக்காக இருக்கிறது. அந்தக் கணக்கைப் படித்துக் காட்ட ஒரு கருவி எப்போதும் வேண்டும்.

இந்த ஒரு வித்தியாசத்தில்தான் எல்லாம் அடங்கி இருக்கிறது.

காலம் போற்றும் காமிராக்கள்

ஜெர்மனியில் வெட்ஸ்லார் என்ற ஊரில், லைட்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர் ஆஸ்கர் பர்னாக். அவருக்கு ஆஸ்துமா. பெரிய காமிராவைத் தூக்கிக்கொண்டு மலை ஏற முடியவில்லை. சினிமா பிலிமைப் போட்டு எடுக்கும் சிறிய காமிரா ஒன்றை அவரே செய்தார். அதில் இருந்து பிறந்ததுதான் 'லைக்கா'. 1925-ம் ஆண்டு லைப்சிக் பொருட்காட்சியில் அது வெளிவந்தது. பையில் வைத்துக்கொண்டு போகும் காமிரா என்று உலகமே கொண்டாடியது.

1959-ம் ஆண்டு ஜப்பானில் 'நிக்கான் எப்' வந்தது. பத்திரிகைக்காரர்களுக்கு அது செல்லப் பிள்ளை. பிரிட்டிஷ் போட்டோகிராபர் டான் மெக்கல்லின் கம்போடியாப் போரைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, பாய்ந்து வந்த துப்பாக்கிக் குண்டு அவருடைய நிக்கானில் பட்டு நின்றது. காமிரா உயிர் காத்தது!

நம் நாட்டு வீடுகளில் புகுந்த காமிரா 'ஆக்பா கிளிக் 3'. பரோடாவில் செய்தார்கள். ஒரு பிலிமில் 12 சதுரப் படம் எடுக்கலாம். பாட்டரியே கிடையாது. வெயிலில் ஆளை நிறுத்தி பொத்தானை அழுத்த வேண்டியதுதான்.

இவற்றில் எல்லாம் ஒரு ஒற்றுமை உண்டு. உள்ளே இருப்பவை பல் சக்கரமும் சுருள் கம்பியும்தான். கைக்கடிகாரம் ரிப்பேர் செய்வதுபோல இவற்றைப் பிரித்து, எண்ணெய் இட்டு, மறுபடியும் ஓட வைக்கலாம்.

ஒரே வருடம், இரண்டு காமிரா

அப்படியானால் பிலிம் காமிரா எல்லாமே கெட்டியானதா? அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

1976-ம் ஆண்டு இரண்டு காமிராக்கள் வந்தன. ஒன்று 'பென்டாக்ஸ் கே1000'. மற்றது 'கேனான் ஏஇ-1'. இரண்டும் பிலிம் காமிராதான். இரண்டும் சக்கைப்போடு போட்டன.

ஆனால் பென்டாக்சில் பாட்டரி தீர்ந்தாலும் படம் எடுக்கலாம். வெளிச்சத்தை அளக்கும் முள் மட்டும்தான் வேலை செய்யாது. கேனானுக்குள் ஒரு மின்னணு மூளை வைத்தார்கள். பாட்டரி தீர்ந்தால் அது படம் எடுக்காது.

அதற்குப் பிறகு வந்த காமிராக்களில் மோட்டார், தானாகவே தெளிவு பார்த்துக்கொள்ளும் வசதி என்று மின்சார வேலை கூடிக்கொண்டே போயிற்று. அவற்றில் உள்ள மின்தகடு ஒருமுறை கெட்டால், மாற்றுத் தகடு கிடைப்பது அரிது. பல் சக்கரத்தைப் பட்டறையில் செய்துவிடலாம். பழைய சில்லைச் செய்ய முடியாது.

ஆகவே பழைய காமிரா வாங்குகிறவர்கள் "பிலிமா, டிஜிட்டலா?" என்று மட்டும் கேட்டால் போதாது. "பாட்டரி இல்லாமல் ஓடுமா?" என்றும் கேட்க வேண்டும்.

டிஜிட்டல் பிறந்த கதை

டிஜிட்டல் காமிராவை முதலில் செய்தது பிலிம் விற்ற கோடாக் கம்பெனியேதான்! 1975-ம் ஆண்டு அங்கே இன்ஜினியராக இருந்த ஸ்டீவன் சாசன் அதைச் செய்தார். அதன் எடை சுமார் 3.6 கிலோ. படத்தில் இருந்தவை 10 ஆயிரம் புள்ளிகள். ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை டேப்பில் பதிய 23 விநாடி ஆயிற்று.

அந்தக் குழந்தை வளர்ந்து பெற்றோரையே அசைத்துவிட்டது. 2012-ம் ஆண்டு ஜனவரியில் கோடாக் கம்பெனி திவால் மனு கொடுத்தது. மறு வருடம்தான் அதில் இருந்து மீண்டது.

டிஜிட்டல் காமிரா பலவீனமானது என்று நினைக்க வேண்டாம். 1996-ம் ஆண்டு வந்த 'நிக்கான் எப்5' பிலிம் காமிராவின் கதவு 1 லட்சத்து 50 ஆயிரம் தடவை திறந்து மூடிச் சோதிக்கப்பட்டது. 2016-ல் வந்த 'நிக்கான் டி5' டிஜிட்டல் காமிராவின் கதவோ 4 லட்சம் தடவை சோதிக்கப்பட்டது. 4 லட்சம் படம் என்பது, 36 படம் எடுக்கும் பிலிமில் 11 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரோல்!

இன்னொரு பெரிய பலமும் உண்டு. படம் விழுந்ததா, இல்லையா என்று அந்த நிமிடமே பார்த்துக்கொள்ளலாம். பிலிமில் அது முடியாது. பிலிம் சரியாகச் சுற்றாமல் போனாலும், கழுவும்போது தவறு நேர்ந்தாலும் கல்யாணமே போயிற்று. மறுபடியும் தாலி கட்டச் சொல்ல முடியுமா?

பிலிம் கிடைக்க வேண்டாமா?

காமிரா நன்றாக இருந்தால் மட்டும் போதுமா? அதற்குத் தீனி வேண்டுமே!

'கோடாக்ரோம்' என்ற கலர் பிலிம் 1935-ல் வந்தது. நிறம் மங்காது என்று பெயர் வாங்கியது. 2009-ல் அதை நிறுத்திவிட்டார்கள். அதைக் கழுவத் தனி மருந்து வேண்டும். அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தில் உள்ள ஒரு கடை மட்டும் கடைசிவரை கழுவிக் கொடுத்தது. 2010-ம் ஆண்டு முடிவில் அதுவும் நின்றது.

நம் ஊட்டியிலும் ஒரு பிலிம் ஆலை இருந்தது. அதன் பெயர் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ். மத்திய அரசு 1960-ம் ஆண்டு ஆரம்பித்தது. 'இந்து' என்ற பெயரில் பிலிமும், போட்டோ காகிதமும், எக்ஸ்ரே பிலிமும் அங்கிருந்து நாடெங்கும் போயின. காலம் மாறியது. அந்த ஆலையும் மூடப்பட்டது.

ஆனாலும் பிலிம் அடியோடு செத்துவிடவில்லை. லைக்கா கம்பெனி 2022-ல் 'எம்6' என்ற பழைய பிலிம் காமிராவை மறுபடியும் கொண்டுவந்தது. 2024-ல் 'பென்டாக்ஸ் 17' என்ற புதுப் பிலிம் காமிரா வந்தது. 36 படம் எடுக்கும் பிலிமில் அது 72 சிறு படங்கள் எடுக்கும்.

எது எப்படிக் கெடும்?

பிலிமுக்கு எதிரி ஈரமும் வெப்பமும். அதன் பூச்சில் பூஞ்சணம் பிடிக்கும். கலர் நெகட்டிவ் நாளடைவில் மங்கும். கறுப்பு வெள்ளை பிலிமில் வெள்ளி இருப்பதால் அதிக நாள் தாங்கும். ஆனால் பிலிம் கெடுவது கொஞ்சம் கொஞ்சமாகத்தான். ஒரு ஓரம் மங்கினாலும் முகம் தெரியும்.

டிஜிட்டல் படம் மங்காது. ஆயிரம் நகல் எடுத்தாலும் மூலமும் நகலும் ஒன்றே. ஆனால் போனால் மொத்தமாகப் போய்விடும். செல்போன் தண்ணீரில் விழுகிறது. கம்ப்யூட்டர் டிஸ்க் ஓடாமல் நிற்கிறது. கார்டைப் பல வருடம் சும்மா போட்டுவைத்தால் அதில் உள்ள மின்சாரம் மெதுவாகக் கசிகிறது. அப்புறம் அது வெறும் பிளாஸ்டிக் துண்டு!

தாத்தா, பாட்டியின் கல்யாணப் படம் இன்றும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. பெட்டியைத் திறந்தால் போதும், பார்த்துவிடலாம். பேரப் பிள்ளைகளின் படங்களோ ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அத்தனையும் ஒரே ஒரு செல்போனில் இருக்கின்றன. இதுதான் ஆபத்து.

வீட்டில் செய்ய வேண்டியவை

பிலிம் காமிரா வைத்திருப்பவர்கள் அதைத் தோல் உறையில் போட்டு மூடிவைக்கக் கூடாது. தோல் ஈரத்தை இழுக்கும். லென்ஸில் பூஞ்சணம் வரும். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்துடன் இறுக்கமான டப்பாவில் வையுங்கள். பாட்டரியைக் கழற்றிவிடுங்கள், கசிந்தால் காமிராவை அரித்துவிடும். மாதம் ஒரு தடவை எடுத்து, நாலு முறை அழுத்திப் பாருங்கள்.

பழைய நெகட்டிவை எறியாதீர்கள். பிரிண்ட் கிழிந்துபோனாலும் நெகட்டிவ் இருந்தால் படம் பிழைக்கும். காகித உறையில் போட்டு உலர்ந்த இடத்தில் வையுங்கள்.

டிஜிட்டல் படங்களை இரண்டு இடத்தில் வையுங்கள். மூன்றாவது நகல் ஒன்றை உறவினர் வீட்டில் வையுங்கள். வெள்ளமோ, நெருப்போ, திருட்டோ ஒரு வீட்டுக்கு வந்தாலும் இன்னொரு வீட்டில் படம் இருக்கும். சில வருடங்களுக்கு ஒருமுறை புதிய டிஸ்க்குக்கு மாற்றுங்கள்.

கார்டில் இருந்த படம் தவறுதலாக அழிந்துவிட்டால் பதறாதீர்கள். அந்தக் கார்டில் மேற்கொண்டு படம் எடுக்காமல் நிறுத்திவிடுங்கள். மேலே வேறு படம் பதியாத வரையில், அழிந்ததை மீட்கப் பெரும்பாலும் வழி உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலாக, வருடத்துக்கு 20 படமாவது பிரிண்ட் போடுங்கள். பின்னால் பென்சிலால் பெயரும் தேதியும் எழுதுங்கள். படத்தில் இருப்பவர் யார் என்று தெரியாவிட்டால், படம் இருந்தும் என்ன பயன்?

பிலிமும் கைவிடும், டிஜிட்டலும் கைவிடும். கைவிடாதது இரண்டாவது பிரதி ஒன்றுதான். அதைப் போட்டுவைக்க விலை உயர்ந்த காமிரா வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.