ஐந்து நட்சத்திரம் கொடுத்தது யார்?

இணையத்தில் பொருள் வாங்குவது நம் ஊர்களிலும் சர்வசாதாரணமாகிவிட்டது. அக்கரைப்பற்றில் இருந்தாலும் சரி, புத்தளத்தில் இருந்தாலும் சரி, கையில் ஒரு போன் இருந்தால் ரைஸ் குக்கரிலிருந்து பிள்ளையின் சப்பாத்து வரை வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. அதற்கேற்ப இப்பத்தியின் வாசகர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளும் மாறிவிட்டன. முன்பு "டொலர் இன்னும் ஏறுமா?" என்று கேட்டவர்கள் இப்போது, "நானா, இந்தச் சாமானுக்கு நாலரை நட்சத்திரம் போட்டிருக்கு. எண்ணூறு பேர் நல்லதென்று எழுதியிருக்காங்க. நம்பி வாங்கலாமா?" என்று கேட்கிறார்கள்.

நான் புறக்கோட்டையில் வீட்டுப் பாவனை மின் உபகரணங்கள் விற்பவன். சில வருடங்களாக என் கடைப் பொருட்களும் இணையத்தில் விற்பனையாகின்றன. ஆகவே 'ரிவியூ' எனப்படும் இந்தப் பாவனையாளர் கருத்துகளை வாங்குபவனாகவும் விற்பவனாகவும் இரண்டு பக்கத்திலும் நின்று பார்க்கிறேன். என் பதில் சுருக்கமானது: நட்சத்திரத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். எழுதியிருப்பதை வாசியுங்கள். எழுதியவருக்கு அதில் என்ன இலாபம் என்று ஒரு தடவை யோசியுங்கள்.

இது நம் வியாபாரிகளுக்குப் புதிய விடயமல்ல. தெரியாத ஒருவர் கடைக்கு வந்து, "ஐந்து இலட்சத்துக்குச் சாமான் கடனுக்குத் தாருங்கள், இரண்டு மாதச் செக் தருகிறேன்" என்றால் என்ன செய்வோம்? அவரே இரண்டு பேரின் பெயரைச் சொல்வார், அவர்களிடம் கேட்டுப் பாருங்கள் என்பார். ஒருவர் அவருடைய மச்சானாக இருப்பார், மற்றவர் கூட்டாளியாக இருப்பார். நாம் தலையை ஆட்டிவிட்டு, அவர் சொல்லாத ஒருவரிடம் விசாரிப்போம். போன வருடம் அவருக்குச் சரக்குக் கொடுத்தவர், அவருடைய பொதிகளை ஏற்றிய லொறிக்காரர், பக்கத்துக் கடைக்காரர் என்று தேடிப் போவோம். இணையத்தில் ரிவியூ வாசிப்பதும் இதே வேலைதான். விற்பவர் காட்டும் பெயர்களைத் தாண்டி, அவர் காட்டாத பெயர்களைத் தேட வேண்டும்.

வாங்கியவர்களே கருத்து எழுதும் முறையை அமேசன் நிறுவனம் 1995இல், புத்தகம் மட்டும் விற்ற காலத்திலேயே ஆரம்பித்தது. நல்ல நோக்கம்தான். ஆனால் நட்சத்திரத்துக்குப் பண மதிப்பு வந்தவுடன் அதுவும் ஒரு சரக்காகிவிட்டது. அமெரிக்காவின் சியாட்டில் நகர உணவகங்களை வைத்து ஹாவர்ட் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் லூக்கா 2011இல் வெளியிட்ட ஆய்வொன்று உண்டு. 'யெல்ப்' தளத்தில் ஒரு நட்சத்திரம் கூடினால் உணவகத்தின் வருமானம் 5 முதல் 9 வீதம் வரை கூடுகிறது என்பது அதன் முடிவு. ஒரு நட்சத்திரத்துக்கு இவ்வளவு பெறுமதி என்றால் அதை விற்க ஒருவரும், வாங்க ஒருவரும் வராமல் இருப்பார்களா?

வந்தார்கள். உடல் எடையைக் குறைக்கும் மாத்திரை விற்ற 'கியூர் என்காப்சுலேஷன்ஸ்' என்ற கம்பனிக்கு எதிராக அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு 2019இல் வழக்குத் தொடர்ந்தது. 30 ரிவியூக்களுக்கு 1,000 டொலர் தருவதாகவும், விற்பனை நடக்க வேண்டுமானால் தன் பொருளின் சராசரி 4.3இல் நிற்க வேண்டும் என்றும் அதன் உரிமையாளர் கூறியதாக ஆணைக்குழுவின் முறைப்பாட்டில் இருக்கிறது. ஐந்துக்கு ஐந்து கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். 4.3 போதும். அதுதான் பார்ப்பவருக்கு உண்மை போலத் தோன்றும்.

அதற்கு முந்தைய வருடம் 'சண்டே ரைலி' என்ற அழகுசாதனக் கம்பனி தன் ஊழியர்களையே வாடிக்கையாளர்கள் போல எழுத வைத்தது வெளிவந்தது. 'ஃபெஷன் நோவா' என்ற ஆடை நிறுவனம் பொய் எதையும் எழுதவில்லை. நான்கு நட்சத்திரத்துக்குக் குறைந்த கருத்துகளைப் பிரசுரிக்காமல் நிறுத்தி வைத்தது, அவ்வளவுதான். அதற்காக 2022இல் 42 இலட்சம் டொலர் செலுத்த நேர்ந்தது. 2023இல் பிடிபட்ட தந்திரம் இன்னும் நுட்பமானது. விற்றமின் மாத்திரைகள் விற்கும் 'பவுண்டிஃபுல்' நிறுவனம், நன்றாக ஓடும் பழைய பொருளுடன் புதிய பொருளையும் ஒரே பக்கத்தில் இணைத்து, பழையதற்குக் கிடைத்த நட்சத்திரங்களைப் புதியதும் அனுபவிக்கச் செய்தது. இதற்கு 6 இலட்சம் டொலர். இந்தத் தந்திரத்தை நீங்களும் பார்க்கலாம். பக்கத்தில் இருப்பது பிளெண்டர், கீழே கருத்துகளிலோ "கேபிள் நல்ல நீளம்", "சார்ஜர் சூடாகிறது" என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

எல்லாவற்றிலும் பெரிய வேடிக்கை லண்டனில் நடந்தது. ஊபா பட்லர் என்ற பத்திரிகையாளர், தன் வீட்டுத் தோட்டத்தில் இருந்த கொட்டிலை 'த ஷெட் அட் டல்விச்' என்ற பெயரில் 2017இல் 'ட்ரிப்அட்வைசர்' தளத்தில் உணவகமாகப் பதிந்தார். நண்பர்களை விட்டுக் கருத்து எழுத வைத்தார். ஷேவிங் நுரையையெல்லாம் வைத்து உணவு போலப் படம் எடுத்துப் போட்டார். முன்பதிவு கேட்டவர்களிடம் இடமில்லை என்றார். அந்த வருடம் நவம்பரில் லண்டனின் முதலாம் இட உணவகம் அதுதான். அதுவரை அங்கே ஒரு கோப்பைத் தேநீர் கூட யாருக்கும் விற்கப்படவில்லை.

"வாங்கியவர் என்று உறுதிப்படுத்தியிருக்கிறார்களே, அப்போது சரிதானே?" என்று சிலர் கேட்பதுண்டு. அந்த முத்திரை, அந்தக் கணக்கிலிருந்து பணம் கட்டப்பட்டது என்பதை மட்டுமே சொல்கிறது. பிறகு அந்தப் பணம் திரும்பிப் போனதா என்று அது சொல்லாது. பேஸ்புக் குழுக்களில் நடக்கும் வேலை இதுதான்: பொருளை உங்கள் பணத்தில் வாங்குங்கள், ஐந்து நட்சத்திரம் போடுங்கள், படம் அனுப்புங்கள், முழுப் பணத்தையும் திருப்பித் தருகிறோம். பொருளும் இலவசம், முத்திரையும் உண்மை! இலவசப் பொருளுக்குக் கருத்து எழுதுவதை அமேசன் தன் சொந்தத் திட்டத்துக்கு வெளியே 2016 ஒக்டோபரிலேயே தடை செய்தது. தடைக்குப் பிறகு வியாபாரம் மறைவிடத்துக்குப் போய்விட்டது.

நம் நாட்டில் இது சில்லறையாக நடக்கிறது. அண்மையில் வீட்டுக்கு வந்த ஒரு பொதிக்குள் சிறிய அட்டை ஒன்று இருந்தது. ஐந்து நட்சத்திரம் போட்டு அதன் படத்தை வட்ஸ்அப் பண்ணினால் 200 ரூபா ரீலோட். பொருளை இன்னும் பெட்டியிலிருந்தே எடுக்கவில்லை! அந்த விற்பனையாளரின் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். "நல்லது", "சூப்பர்", "நன்றி" என்று வரிசையாக இருந்தன. இருநூறு ரூபாவுக்கு யார் நீளமாக எழுதப் போகிறார்கள்?

இனி, நேர்மையாக எழுதுபவர்களின் கருத்தும் நம்மைத் தவறாக வழிநடத்தலாம். இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. எழுதுபவர்களில் பலர் ஒன்றில் மிகவும் சந்தோஷப்பட்டவர்கள், அல்லது கொதித்துப் போனவர்கள். பொருள் வேலை செய்கிறது, பரவாயில்லை என்று இருப்பவர் எழுத உட்காருவதில்லை. அதோடு அநேகமான கருத்துகள் பொதி வந்த அன்றே எழுதப்படுபவை. "பெக்கிங் நல்லது, இரண்டே நாளில் வந்தது" என்பது கூரியர்காரருக்கான சான்றிதழ். மின்விசிறியின் மோட்டார் ஆறு மாதம் தாங்குமா என்று அதில் எதுவும் இல்லை. அமெரிக்காவில் இருப்பவர் ஒரு சாதனத்தைப் புகழ்ந்தால் அவர் 120 வோல்ட் மின்சாரத்தில் பாவித்தவர். நமக்கு 230 வோல்ட், சதுரக் கால் மூன்றுள்ள பிளக். அவர் சொன்னது உண்மைதான், ஆனால் நமக்குப் பயன்படாத உண்மை.

மறுபக்கமும் உண்டு. மழையில் நனைந்த பெட்டியை ஒரு கூரியர் நிறுவனம் கொண்டுபோய்க் கொடுத்ததற்காக என் கடையின் அயன் பொக்ஸுக்கு ஒரு நட்சத்திரம் விழுந்தது. அயன் பொக்ஸில் ஒரு குறையும் இருக்கவில்லை. ஆகவே ஒரு நட்சத்திரத்தைக் கண்டும் பயந்து ஓட வேண்டாம்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? முதலில் சராசரி எப்படி வந்தது என்று பாருங்கள். ஒரு சின்னக் கணக்கு. இரண்டு பிளெண்டர்கள், ஒவ்வொன்றுக்கும் 100 பேர் எழுதியிருக்கிறார்கள். முதலாவதற்கு 50 பேர் ஐந்து, 40 பேர் நான்கு, 10 பேர் மூன்று நட்சத்திரம். சராசரி 4.4. இரண்டாவதற்கு 85 பேர் ஐந்து, 15 பேர் ஒன்று. சராசரி அதுவும் 4.4. பக்கத்தின் மேலே இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். ஆனால் முதலாவதை வாங்கியவர் யாரும் பணத்தை இழக்கவில்லை. இரண்டாவதில் ஏறக்குறைய ஏழு பேருக்கு ஒருவர் ஏமாந்திருக்கிறார், அல்லது மேலே உள்ள 85இல் ஒரு பகுதி காசுக்கு வந்தது. எதுவானாலும் நான் முதலாவதைத்தான் வாங்குவேன்.

அடுத்து, இரண்டு, மூன்று, நான்கு நட்சத்திரக் கருத்துகளுக்குப் போங்கள். காசு கொடுப்பவர் மூன்று நட்சத்திரம் வாங்குவதில்லை, போட்டியாளரைக் கெடுக்க நினைப்பவரும் மூன்று போடுவதில்லை. ஆகவே அங்கே எழுதுபவர் பெரும்பாலும் பாவித்தவராகவே இருப்பார். "தேங்காய் நன்றாக அரைக்கிறது, ஆனால் மூடி இறுக்கமில்லை, நான்கு மாதத்தில் ரப்பர் வளையம் போய்விட்டது" என்று ஒருவர் எழுதினால் அந்த ஒரு வரி நூறு "சூப்பர்"களை விடப் பெறுமதியானது. ஒரு நட்சத்திரக் கருத்துகளில் ஒரே குறை திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். ஒருவருக்குக் கம்பி சூடாகியிருந்தால் தற்செயல் எனலாம். ஒன்பது பேருக்குச் சூடாகியிருந்தால் அது அந்தப் பொருளின் குணம்.

திகதியையும் விடாதீர்கள். ஒரு மாதம் முழுக்க யாரும் எழுதாமல், திடீரென்று மூன்று நாட்களில் நாற்பது பேர் ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தால் அந்த மூன்று நாட்களில் யாரோ செலவு செய்திருக்கிறார்கள். கருத்துகளைப் புதியது முதலாக அடுக்கிப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். முன்பெல்லாம் பிழையான மொழியை வைத்துப் பொய்யைப் பிடிக்கலாம் என்பார்கள். செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு அது எடுபடாது. இப்போது பொய்தான் இலக்கணச் சுத்தமாக இருக்கிறது.

பெறுமதி கூடிய பொருள், அல்லது மின்சாரத்திலும் கேஸிலும் இயங்கும் பொருள் என்றால் ரிவியூவோடு நிற்க வேண்டாம். உத்தரவாதம் யார் தருவது, பழுது பார்க்கும் இடம் இலங்கையில் எங்கே இருக்கிறது என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால், அதுவே உங்களுக்குக் கிடைத்த ரிவியூ.

சட்டம் என்ன சொல்கிறது? அமெரிக்காவில் பொய்க் கருத்துகளை விற்பதையும் வாங்குவதையும் தடை செய்யும் விதி 2024 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. ஒரு மீறலுக்கு 50,000 டொலருக்கு மேல் தண்டம் விதிக்கலாம். இங்கிலாந்தில் 2025 ஏப்ரல் முதல் தடை. இந்தியா 2022இல் இதற்கென ஒரு தர நியமத்தை வெளியிட்டது. நம்மிடம் இருப்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம். இணைய வியாபாரம் இங்கு பரவுவதற்கு முன் எழுதப்பட்டது. எனினும் நுகர்வோரைப் பிழையாக வழிநடத்தும் விதத்தில் வியாபாரி நடக்கக்கூடாது என்பது அதில் தெளிவாக இருக்கிறது. அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு முறையிடலாம். முறையிடுவதானால் பொருளின் பக்கத்தையும் பற்றுச்சீட்டையும் முதலில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பக்கம் மறுநாள் மாறிவிடும்.

என்னைப் போன்ற கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. சில மாதங்களுக்கு முன் ஒரு பொடியன் கடைக்கு வந்து, "ஹாஜி, 25 ரிவியூ பதினையாயிரம் ரூபா. எல்லாம் வெவ்வேறு கணக்கு, வெவ்வேறு ஊர்" என்றான். இணைய விற்பனையைப் பார்த்துக்கொள்ளும் என் மருமகனுக்கு ஆசைதான். "மாமா, எல்லாரும் செய்றாங்க. நாம மட்டும் சும்மா இருந்தா பின்னுக்குப் போயிடுவோம்" என்றான். அவன் சொல்வதில் நியாயமில்லை என்று தள்ள முடியாது. இரண்டு கடை ஒரே பொருளை ஒரே விலைக்கு விற்கும்போது நட்சத்திரம் கூடிய இடத்தில்தான் வாங்குபவர் அழுத்துவார்.

ஆனால் கணக்குப் பார்த்தால் அது நிற்காத வியாபாரம். கலிபோர்னியா ஆய்வாளர்கள் பேஸ்புக் மூலம் ரிவியூ வாங்கிய சுமார் 1,500 அமேசன் பொருட்களைத் தொடர்ந்து கவனித்து 2022இல் வெளியிட்ட ஆய்வில், வாங்கும்போது சராசரியும் விற்பனையும் ஏறுகின்றன. வாங்குவதை நிறுத்தியதும் சராசரி விழுகிறது, ஒரு நட்சத்திரங்கள் குவிகின்றன. நம்பி வாங்கி ஏமாந்தவர்கள் எழுதத் தொடங்குகிறார்கள். இது மாதாந்த வாடகை மாதிரி, நிறுத்த முடியாது.

பொடியனை அனுப்பிவிட்டோம். இப்போது ஒரு பொருள் விற்று மூன்று மாதம் கழித்து வாடிக்கையாளருக்கு வட்ஸ்அப்பில், "எப்படி இருக்கிறது, குறை ஏதும் உண்டா?" என்று மட்டும் கேட்கிறோம். நட்சத்திரம் கேட்பதில்லை. குறை சொன்னால் உதிரிப்பாகம் அனுப்புகிறோம். சிலர் தாங்களாகவே போய் எழுதுகிறார்கள். குறைந்த நட்சத்திரம் போட்டவருக்கும் அவரது கருத்தின் கீழேயே பதில் எழுதுகிறோம், அழிக்கச் சொல்லி இரந்து நிற்பதில்லை. மருமகன் இன்னும் முழுமனதாக ஒத்துக்கொள்ளவில்லை. அதே பொருட்களை விற்கும் இன்னொரு கடைக்கு 4.9 இருக்கிறது. எங்களுக்கு 4.3.